அவள் இதயத்துக்கு நான் விழுங்கிய மருந்து

நாங்கள் அமெரிக்காவில் சன்னிவேலில் குடியிருந்தபோது, மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. எனக்கு அப்போது ஏழாம் மாதம். வழக்கமான செக்கப்தானே என்று கணவரை ஆபீசுக்கு அனுப்பிவிட்டு நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். முடித்துவிட்டு மீட்டிங்குக்குத் திரும்பிவிடலாம் என்று நினைப்பு.

வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை வைத்த நர்ஸ், கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று பேச்சை நிறுத்தினார். குழந்தையின் இதயத்துடிப்பு தையல் மிஷினை வெறியோடு மிதித்தது போல இடைவெளியே இல்லாமல் கேட்டது. அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பெரிய மருத்துவமனையில் படுத்திருந்தேன்.

குழந்தைகளின் இதய நிபுணர் கட்டிலோரம் உட்கார்ந்து ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். இதயத்துக்குள் ஓடும் மின்சாரம் குறுக்குவழியில் மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வருகிறதாம். இப்படியே ஓடினால் அந்தச் சின்ன இதயம் களைத்துப் போய்விடும். பிறக்க வைக்கலாம் என்றால் இன்னும் நாள் ஆகவில்லை. அதனால் மருந்தை எனக்குக் கொடுப்பார்களாம். என் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டி, தொப்புள்கொடி வழியாக அது அவளுக்குப் போக வேண்டும்.

மருந்தின் பெயரைக் கேட்டதும், ஆபீசிலிருந்து ஓடி வந்திருந்த என் கணவர் போனில் தேட ஆரம்பித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"இது ஏதோ பூச்செடியிலேர்ந்து எடுக்கறதாம். விஷச்செடின்னு போட்டிருக்கு. உன் ஹார்ட் நல்லா இருக்கு, எதுக்கு அதுல போய்க் கை வைக்கணும்? உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

எனக்கும் பயம்தான். ஆனால் அந்தத் தையல் மிஷின் சத்தம் மானிட்டரில் ஓடிக்கொண்டே இருந்தது. அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில்தான் மருத்துவமனையின் பார்மசிஸ்ட் உள்ளே வந்தார். தலையில் ஹிஜாப், கையில் ஒரு டேப்லெட். நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். "நீங்க தமிழா? நான் ராம்நாடு பக்கம்" என்றார். அந்த ஊரில் அந்த நேரத்தில் தமிழைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அது விஷமா என்று கணவர் கேட்டதற்கு அவர் பூசி மெழுகவில்லை.

"விஷம்தாங்க. அந்தச் செடிய யாராவது பறிச்சுக் கஷாயம் போட்டுக் குடிச்சா உயிருக்கே ஆபத்து. இலைக்கு இலை அளவு மாறும். அதுக்குள்ள இருக்கற ஒரே ஒரு பொருள மட்டும் பிரிச்செடுத்து, துளி அளவுல குடுக்கறோம். உங்க ரத்தத்த டெஸ்ட் பண்ணிப் பண்ணித்தான் அடுத்த டோஸே."

"குழந்தைக்குப் போய்ச் சேருமா?" என்றேன்.

"நிறைய பேருக்குச் சேர்ந்திருக்கு. உங்களுக்கும் சேரும்னு பிராமிஸ் பண்ண முடியாது. ட்ரை பண்ணலாம்."

அந்த நேர்மைதான் எனக்குத் தைரியம் கொடுத்தது. கணவரைப் பார்த்தேன். அவர் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "சரி" என்றார்.

முதலில் ஊசி, பிறகு மாத்திரை. மார்பெல்லாம் ஒயர் ஒட்டி என் இதயத்தையும் கண்காணித்தார்கள். வாந்தி பிடுங்கியது. மருந்து அளவு மீறிப்போய், பார்க்கும் பொருள் எல்லாம் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே சொல்லச் சொல்லியிருந்தார்கள். எதிர்ச் சுவர் வெள்ளைதானா என்று நொடிக்கொரு தரம் பார்ப்பதே வேலையாகிவிட்டது. நாட்கள் போயின. சத்தம் மாறவில்லை. இன்னொரு மருந்தைச் சேர்ப்பது பற்றி டாக்டர்கள் பேச ஆரம்பித்தார்கள்.

ஒரு மத்தியானம். கணவர் கொண்டுவந்த தயிர்சாதத்தை இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். மானிட்டரில் ஓடிக்கொண்டிருந்த சத்தம் திடீரென்று நின்றது போல இருந்தது. பிறகு ஒரு துடிப்பு. கொஞ்சம் விட்டு இன்னொன்று. அவ்வளவுதான், போய்விட்டாள் என்று நினைத்துக் கத்திவிட்டேன். டப்பா உருண்டு சாதமெல்லாம் தரையில்.

ஓடி வந்த நர்ஸ் மானிட்டரைப் பார்த்தார். காது கொடுத்துக் கேட்டார். பிறகு அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. "ஹனி, திஸ் இஸ் நார்மல்!" என்றார்.

டொக், டொக், டொக். சாதாரணத் துடிப்பு எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. யாரும் அவளைத் தொடவில்லை. கத்தி இல்லை, ஒயர் இல்லை. கண்ணுக்கே தெரியாத ஒரு பொருள் என் உடம்பையெல்லாம் சுற்றி, நெல்லிக்காய் அளவு இருந்த ஓர் இதயத்தைத் தேடிப் போய், "மெதுவா" என்று சொல்லியிருக்கிறது. கணவர் தரையில் கிடந்த சாதத்தின் நடுவிலேயே உட்கார்ந்து அழுதார்.

மாதம் நிறைந்துதான் பிறந்தாள். முதல் பிறந்தநாள் வரை சொட்டு மருந்து கொடுத்தோம், பிறகு டாக்டரே நிறுத்திவிட்டார். இப்போது பார்க்கில் அவளைப் பிடிக்க ஆளில்லை. ஓடிக் களைத்து என் மடியில் வந்து விழும்போது அவள் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பேன். "அம்மா, ஸ்டாப்!" என்று கையைத் தட்டிவிடுவாள். பூச்சியும் ஆடும் தன்னை மேய்ந்துவிடாமலிருக்க எங்கோ ஒரு செடி தனக்குள் சேர்த்துவைத்த விஷம், அளவறிந்த கைகளின் வழியாக வந்து என் மகளின் நெஞ்சில் அமைதியாக இறங்கியதை நினைத்துக்கொண்டே, அவள் தட்டிவிட்ட கையை மறுபடியும் அங்கேயே வைப்பேன்.