ஸ்டிக்கர் ஒட்டாத ஜெபம்

பிரியமானவர்களே, போன மழைக்காலத்தில் ஒரு காலை நான் கண் விழித்தபோது என்னிடம் பெயர்கள் இல்லை. கை கால் நன்றாக அசைந்தது. எதிரில் என் மனைவி சுகந்தி நிற்கிறாள். கூப்பிட வாயைத் திறந்தேன். "காப்பி" என்று வந்தது. அவளும் போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். நான் அழுதேன்.

மூளையில் சின்ன ரத்தக்கட்டு என்றார் டாக்டர். சொற்கள் உள்ளேதான் இருக்கின்றன, போகிற வழி அடைபட்டிருக்கிறது, மாத்திரையும் பயிற்சியும் உதவலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நானோ இங்கிலீஷ் வாத்தியார். நிறுத்தாமல் பேசுவதையே புலமை என்று நம்பி வாழ்ந்தவன். என் வாய் அடைபட்டதற்கு ஸ்டாஃப் ரூமில் யாராவது ஸ்தோத்திரம் சொல்லியிருந்தால் அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அந்த நாட்கள் கனவு மாதிரி இருந்தன. திருமுருகன்பூண்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் சிலை செதுக்குகிற பட்டறை. கட்டிலில் படுத்து உளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பேன். கல்லுக்குள் ஒரு முகம் இருக்கிறது, இன்னும் வெளியே வரவில்லை, என் சொற்களும் அப்படித்தான் என்று தோன்றும். சாமான்கள் எல்லாம் பெயர் கழன்று, பனியன் கம்பெனிக்குள் பறக்கிற பஞ்சு போல என்னைச் சுற்றி மிதந்தன.

ஜெபிக்க முழங்கால் போட்டேன். யாரைக் கூப்பிடுவது? அந்தப் பெயரும் இல்லை. அதுதான் என்னை உடைத்தது. தட்டுக்கும் தண்ணீருக்கும் சைகை காட்டிவிடலாம். அவருக்கு என்ன சைகை காட்டுவது? "திருப்பிக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். எதை, யாரிடம் என்று எதுவும் இல்லாத விண்ணப்பம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் ஒரு வகுப்பு நடக்கும். பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டே தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படிக்கிற நான்கு பெண்கள். பரீட்சை நெருங்கிவிட்டது. சிமிலி, மெட்டஃபர், இன்னும் வாயில் நுழையாத கிரேக்கப் பெயர் கொண்ட அணிகள் அத்தனையையும் திருப்பிப் பார்த்தாக வேண்டும். வேறு வாத்தியாரைத் தேடிக்கொள்ளும்படி சுகந்தியை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர்கள் போகவில்லை.

அவர்களில் வளர்மதி செக்கிங்கில் இருப்பவள். தைத்து வந்த பனியனை விரித்துப் பார்த்து, ஓட்டையோ கறையோ இருக்கிற இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது அவள் வேலை. "நீங்க பாட்டுக்குப் பேசுங்க சார். பழுது எங்கீன்னு நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

பேசினேன். பஸ் கிடைத்ததா என்று கேட்க நினைத்து, "ஹாரன் கெடச்சுதா?" என்றேன். பஸ்ஸோடு ஒட்டியிருப்பதன் பெயரில் பஸ்ஸைச் சொல்வதால் அது மெட்டானமி என்று ஒருத்தி ஸ்டிக்கர் ஒட்டினாள். மின்விசிறியைப் போடச் சொல்லப் போய், "மேல இருக்கற பம்பரத்தைச் சுத்த விடுங்க" என்றேன். மெட்டஃபர். பாடப் புத்தகத்தில் அணிக்கு ஓர் உதாரணம்தான் உண்டு. என் வாயிலோ முழு நேர உற்பத்தி, அத்தனையும் பழுதாகி ஒதுக்கப்படுகிற செகண்ட்ஸ்.

சுகந்தி எட்டிப் பார்த்தாள். "இவரு என்னையக் காப்பிங்கறாரே, அதுக்கு என்ன பேரு கண்ணு?"

"அதுவும் மெட்டானமிதானுங்க அக்கா."

"அப்படியா. நான் அவமானம்னு நெனச்சுட்டிருந்தேன்."

நோய் வந்தபின் அன்றுதான் முதல் முறையாகச் சிரித்தேன்.

அணியின் பெயரைச் சொன்ன கையோடு பொருளின் பெயரையும் எனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் திருப்பிச் சொல்வேன். வாரா வாரம் சில சொற்கள் வீடு திரும்பின. பஸ் வந்தது. மின்விசிறி வந்தது. சுகந்தியும் வந்தாள். அந்த ஒரு பெயர் மட்டும் வரவில்லை. யாரிடமும் கேட்கவும் இல்லை. சபையில் பைபிள் வாசிக்கிற ஆள் அதைப் போய் எப்படிக் கேட்பது?

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு. புறப்படும்போது வளர்மதி, "எங்களுக்காக ஒரு ஜெபம் பண்ணோணுங்க சார். எந்தச் சாமின்னாலும் சரிங்க" என்றாள். நால்வரும் தலை குனிந்தார்கள். கண்ணை மூடித் தேடினேன். பட்டறையில் உளிச் சத்தம் கேட்டது. எனக்குள் பெயரில்லாத பஞ்சு மட்டும் பறந்துகொண்டிருந்தது. கடைசியில் என் வாய் சொன்னது:

"கரண்ட்டே, வந்துருங்க."

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. கரண்ட் போனால் ஓடுகிற மெஷின் எல்லாம் சட்டென்று நின்று, இருட்டில் துணியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள். அந்தக் காத்திருப்பை அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆமென்ங்க" என்றாள் வளர்மதி.

வாத்தியார் புத்தி போகுமா? இது என்ன அணி என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். செக்கிங் மேசையில் பனியனைப் பார்ப்பதும் அப்படித்தான் இருக்கும்.

"இதுல ஸ்டிக்கர் ஒட்ட ஒண்ணுமில்லீங்க சார். பீஸ் ஓகே."

அப்போது, நான் தேடாமலே, "கர்த்தாவே" என்று என் வாய் சொன்னது. இன்னொரு முறை சொன்னேன். அவர்கள் போனபிறகும், காப்பித் தம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நால்வரும் தேறிவிட்டார்கள். எனக்கும் சொற்கள் ஏறக்குறைய எல்லாம் திரும்பிவிட்டன. மாத்திரைக்கும் பயிற்சிக்கும் நன்றி சொல்கிறேன். அவற்றை அனுப்பியவருக்கு அதற்கும் மேலே. முன்பு என் ஜெபங்கள் நீளமானவை, அழகானவை, நானே ரசித்தவை. இப்போது சுருக்கமாகக் கூப்பிடுகிறேன், பிறகு சும்மா இருந்து கேட்கிறேன்.

இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்களே, எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். வாயில் எது வருகிறதோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்கள். உங்களைத்தான் கூப்பிட்டேன் என்று அவருக்குத் தெரியும்.