தாளில் அம்மா பார்த்த கம்ப்யூட்டர் வேலை

என் அம்மா இரண்டு வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தாள். கரும்பு வெட்டப் போன நாட்களிலும் பார்த்தாள், காய்ச்சலில் சுருண்டு படுத்திருந்த நாட்களிலும் பார்த்தாள். ஆனால் அது அவளுக்கே தெரியாது. எனக்கும் கல்லூரி கடைசி வருடத்தில்தான் தெரிந்தது.

கள்ளக்குறிச்சியில் கல்லூரி சேர்ந்த புதிதில் மதியம் ஒன்றரைக்கெல்லாம் வகுப்பு முடிந்துவிடும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடை மாடியில் ஒரு சின்ன ஆபீஸ் இருந்தது. வெளியூர்க் கடைகளின் கையால் எழுதிய பில்களைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை, ஆறு மணி வரை. நடத்தியவர் ஒரு அக்கா. சேர்ந்த அன்று பான் கார்டு கேட்டார். எனக்குப் பதினெட்டு முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது, கார்டு எடுக்கவில்லை.

“அம்மாவோடது இருக்குதா?”

இருந்தது. மகளிர் குழு லோனுக்காக எடுத்தது. எங்கள் பக்கத்து வீடுகளில் யார் சம்பாதித்தாலும் காசு அம்மா பாஸ்புக்கில்தான் போய் விழும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கார்டையும் பாஸ்புக்கையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கல்வராயன்மலையிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த என் தோழி, அவளுடைய அண்ணியின் கார்டைக் கொடுத்திருந்தாள். தாளைப் பார்த்தால் அந்த மாடியில் உட்கார்ந்து டைப் அடித்ததெல்லாம் காட்டு வேலைக்குப் போகிற பொம்பளைகள்தான். பதினெட்டு முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்றார் அக்கா. முடிந்தது. அவரும் மறந்தார், நானும் மறந்தேன்.

மாதம் நாலாயிரம். அதில் நானூறு பிடித்துக்கொண்டு மிச்சம்தான் வரும். சம்பளச் சீட்டில் அந்த நானூறுக்கு நேராக டி.டி.எஸ். என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டருக்கு வாடகை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். நான் படித்தது பி.காம். வேறு.

மூன்றாம் வருடம் ஒரு மாதம் அம்மாவுக்கு ஆயிரம் ரூபாய் வரவில்லை. அரசாங்கம் பெண்களுக்கு மாதாமாதம் போடுகிறதே, அந்த ஆயிரம். என் சம்பளம் வீட்டுக்குப் போய்விடும். அப்பா பெங்களூரிலிருந்து அனுப்புவது கடனுக்குப் போய்விடும். அம்மா வெட்டுகிற கரும்புக்கான கூலி மேஸ்திரியிடம் வாங்கிய முன்பணத்தில் கழிந்துவிடும். அவள் யாரையும் கேட்காமல் எடுத்து, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் செலவழித்த காசு அந்த ஆயிரம் ஒன்றுதான். அடுத்த மாதமும் வரவில்லை என்றதும் அம்மாவை இ-சேவை மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கிருந்த அண்ணன் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “வருமான வரி கட்டுற குடும்பம்னு காட்டுதே?” என்றார்.

“இன்னாது? வரியா?” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். “நான் இன்னாத்துக்குடி வரி கட்டுறேன்? எங்க கட்டுனேன்?”

எனக்கு அப்போதுதான் அந்த நானூறு ஞாபகம் வந்தது. டி.டி.எஸ். என்றால் சம்பளத்திலேயே முன்கூட்டிப் பிடிக்கிற வருமான வரி. அங்கேயே சொல்லியிருக்கலாம். பாவி நான், வீட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் நான் கேட்காத ஆள் இல்லை. ஆபீஸ் அக்கா தன்னுடைய ஆடிட்டரிடம் அனுப்பினார்.

“வருமானம் கம்மிதாம்மா. வரியே வராது. ஆனா பிடிச்சது பிடிச்சதுதான்,” என்றார் அவர்.

“அப்போ எங்க அம்மா வரி கட்டுறவங்களா, இல்லையா சார்?”

“கட்டியிருக்காங்க. ஆனா கட்டுறவங்க இல்ல.”

இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்க வெட்கமாக இருந்தது. தலையை ஆட்டினேன். ரிட்டர்ன் போட்டால் பிடித்த பணம் திரும்ப வரும் என்றார். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம்! சந்தோஷமாக எழுந்தேன். எங்கள் கிராம நிர்வாக அலுவலரோ, “ரிட்டர்ன் கிட்டர்ன்னு எதையாவது போட்டு வெக்காத பொண்ணு. அப்புறம் வரி கட்டுற ஆளுன்னு நீயே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடும்,” என்றார். கல்லூரிப் பேராசிரியர், அதெல்லாம் இதற்குச் சம்பந்தமே இல்லை என்றார். இ-சேவை அண்ணன், போன மாதம் நிறையப் பேருக்குத்தான் நின்றிருக்கிறது, வேறு காரணமாகவும் இருக்கலாம் என்றார். ஆளுக்கு ஒன்று சொன்னால் நான் யாரை நம்புவது? தூக்கத்தில்கூட நானூறு நானூறு என்று கூட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயம் பார்த்து கல்லூரியில் ஒரு வக்கீலம்மா வந்து பேசினார். பகுதி நேரமாக வேலை பார்க்கிற மாணவர்களுக்கும் எல்லா உரிமையும் உண்டு, வேலை பார்த்ததற்கு எழுத்தில் சான்று கேளுங்கள் என்றார். கை தட்டிவிட்டு நேராக மாடி ஏறினேன். அங்கே வேலை பார்த்தது நான்தான், அம்மா இல்லை என்று ஒரு கடிதம் கேட்டேன்.

அக்காவுக்கு முகம் மாறியது. “பதினெட்டு ஆவாத பொண்ண வேலைக்கு வச்சேன், வேற ஆள் பேருல காசு போட்டேன்னு நானே என் கையால எழுதித் தரணுமா? நல்லா இருக்குது கதை. தாள்படி நீ இங்க வேலையே பாக்கலம்மா.”

இரண்டு வருடம் கண் எரிய டைப் அடித்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னார். ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. ஆனால் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது யார்? நான்தானே. இறங்கி வந்துவிட்டேன்.

கடைசியில் மேல்முறையீடு கொடுக்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே மனுவைப் பார்த்த அலுவலர் நல்ல மனிதர், நான் உளறியதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, “அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?” என்றார்.

“தெரியாதுங்க சார்.”

“அப்புறம் இன்னாம்மா? எழுத்தறிவு இல்லாதவங்க கம்ப்யூட்டர் வேல எப்டிப் பாப்பாங்க? அதையே எழுதிக் குடு.”

அட, இது எனக்குத் தோன்றவில்லையே! ரிட்டர்ன் போட்டால் அம்மாதான் வேலை பார்த்தாள் என்று ஆகும், இந்த மனு போட்டால் பார்க்கவில்லை என்று ஆகும். இரண்டையும் போட முடியாது. ஒன்பதாயிரம் போனால் போகட்டும் என்று அங்கேயே முடிவு செய்து, விறுவிறுவென்று எழுதினேன். நான் எழுத்தறிவு இல்லாதவள், எழுதவோ படிக்கவோ தெரியாது, கூலி வேலை தவிர வேறு வேலை செய்ததில்லை. நல்ல தமிழ். எனக்கே பெருமையாக இருந்தது.

வாசித்துக் காட்டித்தான் வாங்க வேண்டும் என்று அலுவலர் சத்தமாகப் படித்தார். பக்கத்தில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அம்மா முழுக்கக் கேட்டாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கிக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது குழுவில் சேர்வதற்காக நான் சொல்லிக் கொடுத்தது. அவளுக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்.

“ஐயையோ, கையெழுத்துப் போட்டுட்டீங்களேம்மா!” என்றார் அலுவலர். “எழுதத் தெரியாதுன்னு மேல சொல்லிட்டுக் கீழ கையெழுத்துப் போட்டா இன்னா கேப்பாங்க?”

“பேரு மட்டும்தாங்க எழுதுவேன்.”

“எனக்குப் புரியுதும்மா. பேப்பரப் பாக்குறவங்களுக்குப் புரியணுமே. வேற எழுதி ரேகை வெச்சிடுங்க.”

மறுபடி எழுதினேன். இந்தத் தரம் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று. அம்மா கட்டை விரலை நீட்டினாள், அவர் பிடித்து உருட்டினார். ஊருக்குத் திரும்பச் சங்கராபுரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னாத்துக்கு அழுதுகினு வர? காசு வந்துரும்ல?” என்றாள் அம்மா.

வந்தது. மனு கொடுத்து மூன்றாவது மாதம் வந்துவிட்டது. என் மனுவால் வந்ததா, தானாக வந்ததா என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் மனு கொடுத்த அடுத்த வாரமே எங்கள் வீட்டு வாசலில் குழுக் கூட்டம். தலைவி நோட்டையும் பேனாவையும் நீட்டினார். அம்மா பேனாவைத் தொடவில்லை, இங்க் பேடைக் கேட்டாள்.

“யக்கா, நீதான் ஷோக்கா கையெழுத்துப் போடுவியே?”

“வேணாண்டி. தெரியாதுன்னு கவர்மெண்ட்டுல எழுதிக் குடுத்துட்டு வந்துருக்கேன். இப்ப போட்டா தப்பாயிடும்.” பிறகு கதவோரம் நின்ற என்னிடம் கேட்டாள். “போட்டா தப்பா, பாப்பா?”

தப்பில்லை அம்மா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மா பேடை இழுத்து விரலை வைத்தாள்.