அக்கி எழுதிய உடம்பு

அம்மணியைப் பிடிக்காதவர்கள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிறையப் பேர் உண்டு. நானே பல நாள் அவளோடு பேசாமல் இருந்திருக்கிறேன். அவள் வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை விற்பாள், நான் பக்கத்தில் பூ விற்கிறேன். நிழல் எந்தப் பக்கம் விழுந்தாலும் அது அவளுடைய நிழல்தான். அடுத்தவர் சொல்வதைக் காதில் வாங்குகிற வழக்கமே கிடையாது. ஆனால் தம்பி என்று வந்துவிட்டால் உடம்பையே அறுத்துக் கொடுப்பாள்.

தம்பி ஆனந்தராஜுக்கு வல்லம் பக்கம் கொஞ்சம் நிலம். போன வருஷம் அவனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். ரத்தத்தை ஊறவைக்கிற ஸ்டெம் செல்லை வேறொருவரிடமிருந்து எடுத்து ஏற்றினால்தான் பிழைப்பான் என்றார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் அம்மணியுடையது பொருந்தியது. சென்னை ஆஸ்பத்திரியில் அவள் ரத்தத்தை மெஷினுக்குள் விட்டு, வேண்டியதை மட்டும் பிரித்து அவனுக்கு ஏற்றினார்கள். அவனுடைய ரத்த குரூப்பே மாறி அவளுடையதாகிவிட்டது. அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. கண்டக்டர் முதல் என்னிடம் பூ வாங்க வருகிறவர்கள் வரை நிறுத்தி வைத்து, தம்பி உடம்பில் ஓடுவது தன் ரத்தம் என்பாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். புது ரத்தம் ஊறிவிட்டது, ஆனால் நோயை எதிர்க்கிற சக்தி வர ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம். கூட்டத்துக்குள் போகக்கூடாது. காய்ச்சலோ கொப்புளமோ, எது வந்தாலும் உடனே போன் செய்ய வேண்டும். சென்னைக்குப் போய்வரச் சுலபம் என்று அம்மணி தம்பியையும் அவன் பெண்டாட்டி வேணியையும் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டாள். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும்.

எட்டாவது மாதம் அவன் இடுப்பில் கொத்தாக என்னவோ கிளம்பியது. நெருப்பு பட்டதுபோல் எரிகிறது என்றான். வயிற்றைப் புரட்டுகிறது என்று அவன் ஒரு மாத்திரையை நிறுத்தியிருந்தான். இது வராமல் தடுக்கிற மாத்திரையே அதுதான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. வேணி போனை எடுத்தாள். அம்மணி தடுத்துவிட்டாள்.

"இது கொப்புளம் இல்லடி, அக்கி. அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கிடும். எனக்கு வந்தப்ப எழுதித்தான் போச்சு. அவன் உடம்புல ஓடறதும் என் ரத்தம்தானே? எனக்குக் கேட்டது அவனுக்குக் கேக்காதா?"

எங்கள் பக்கம் அக்கி வந்தால் பானை செய்கிறவரிடம் போவோம். அவர் செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, அக்கியின் மேல் சிங்கம் வரைவார். மூன்று நாள் எழுத வேண்டும். நான் கேலி செய்யவில்லை. எனக்கும் எழுதியிருக்கிறார்கள், ஆறியும் இருக்கிறது. நல்ல உடம்பில் அது தானாகவே ஆறிவிடும் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வேணி போனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாளாம். ரத்தம் கொடுத்தவளை எதிர்த்து அந்தப் பெண் என்ன பேசுவாள்?

விழுப்புரத்தில் அக்கி எழுதுகிற ஒருவர் அம்மணிக்குத் தெரிந்தவர். கூட்டமே ஆகாது என்ற பிள்ளையை மூன்று நாளும் நெரிகிற பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனாள். காவி பட்டையாகக் காய்ந்துவிட்டதால் அடியில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் மார்பிலும் முகத்திலும் கிளம்பியது. காய்ச்சல் கொதித்தது, மூச்சு வாங்கியது. அப்போதுதான் அம்மணி கடைக்கு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கார் பிடித்து, நானும் அவர்களோடு சென்னைக்குப் போனேன்.

நர்ஸ் ஈரப் பஞ்சால் காவியைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். அடியில் தோல் கறுத்துப் போயிருந்தது. நுரையீரலுக்கும் போய்விட்டது, மருந்து ஏற்றுகிறோம், ஆனால் முதல் நாளே வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அம்மணி ஜாக்கெட் கையை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள். "இன்னும் எடுத்துக்கங்கம்மா. எவ்ளோ வேணும்னாலும் எடுங்க."

"உள்ள ஓடற ரத்தம் உங்களோடதுதாம்மா. ஆனா நோயை எதிர்க்க உங்க உடம்பு இத்தனை வருஷமா கத்துக்கிட்டது எதுவும் அதுக்கு இன்னும் சரியா தெரியாது. பச்சைக் குழந்தை மாதிரி" என்றார் டாக்டரம்மா.

அம்மணி நீட்டிய கையை மடக்கவே இல்லை. நான்தான் பிடித்து இறக்கினேன்.

மறுநாள் மத்தியானம் ஆனந்தராஜ் போய்விட்டான்.

வராந்தாவில் அம்மணி வேணியின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பியை நானே கொன்றேன், என்னைத் திட்டு, செருப்பால் அடி என்று கெஞ்சினாள். வாழ்நாளில் அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. வேணி அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க தெரியாம பண்ணீங்க அண்ணி. அது கொப்புளந்தான், உடனே போன் பண்ணணும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வாய மூடிக்கினு இருந்தேன்."