ஆடு தின்ற தொப்பி

போன ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தத்தில் ஒரு தியேட்டர் மேனேஜரிடம் சண்டைக்குப் போனேன். என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். பஸ்ஸில் என் காலை மிதித்தவரிடம் நானே மன்னிப்புக் கேட்கிற ஆள்.

விஷயம் இதுதான். என் மகள் செல்விக்கு எட்டு வயது. எழுத்துக்கூட்டாமலே படிப்பாள். ஆனாலும் அவளுடைய சிரிப்புக் கதைப் புத்தகம் ஒன்றை நான்தான் வாசித்துக் காட்டுவேன் — ஏட்டையாவுக்கு ஒரு குரல், ஆட்டுக்கு ஒரு குரல்... அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். ஆபீஸில் என் ஜோக்குக்கு ஒருத்தரும் சிரிப்பதில்லை. வீட்டில் இந்த ஒரு ரசிகை போதாதா?

அந்தக் கதையைப் படமாக எடுத்திருந்தார்கள். மேட்னிக்குப் போனோம். படம் பரவாயில்லை. ஆனால் க்ளைமாக்ஸைக் காணோம். ஏட்டையாவின் தொப்பியை ஆடு தின்றுவிடும். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நிற்க, ஏட்டையா ஒரு சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சல்யூட் அடிப்பார். அது எங்கே?

"தொப்பி சீன் வரவே இல்லையேப்பா" என்றாள் செல்வி, அழாக்குறையாக.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த ஷோவுக்கு நேரமாகிவிட்டால் ரீலை வெட்டி ஓட்டுவது நமக்குத் தெரியாததா? நேரே மேனேஜர் அறைக்குள் நுழைந்தேன்.

"பிள்ளைங்க படத்துலகூடவா வெட்டுவீங்க?"

"பெட்டியில வந்தது இம்புட்டுத்தாண்ணே. ஒரு அடிகூட வெட்டல."

"புத்தகத்துல இருக்கே."

சொல்லி முடிப்பதற்குள் செல்வி பையிலிருந்து புத்தகத்தை எடுத்துவிட்டாள். கையோடு கொண்டுவந்திருக்கிறாள்! அப்பாவுக்குச் சாட்சி சொல்லப் போகிற பெருமை முகத்தில். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். ஆடு இருந்தது. ஏட்டையா இருந்தார். தொப்பி கடைசிப் பக்கம்வரை அவர் தலையிலேயே இருந்தது.

"இதுல இல்லையேப்பா..."

எப்படி இருக்கும்? என்றைக்கோ அவள் சிரிக்கட்டும் என்று நானாகச் சேர்த்தது. சொல்லிச் சொல்லி, அச்சில் இருப்பதாகவே நம்பிவிட்டேன். புத்தகத்தைப் படம் கெடுத்துவிட்டது என்று குதித்தேனே... முதலில் கெடுத்தது யார்?

மேனேஜர் நல்ல மனுஷர். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "உக்காருங்கண்ணே, டீ சாப்பிட்டுப் போங்க" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பஸ்ஸில் செல்வி புத்தகத்தை மறுபடி முதலிலிருந்து புரட்டிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "இனிமே நானே படிச்சுக்கிறேன்ப்பா" என்று புத்தகத்தோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வேலை போன மாதிரி இருந்தது. பேப்பரை விரித்துக்கொண்டு ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தாள். ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

பெற்ற தகப்பன் இதற்குச் சந்தோஷப்படலாமா?

பட்டேன்.