யாதம்மா வீட்டு வாசல் மட்டும்

முதல்லயே சொல்லிடறேன், பேய் பிசாசுன்னு யாராவது ஆரம்பிச்சாலே எழுந்து போயிடற ஆளு நான். எங்க விருதுநகர் பக்கம் சொந்தக்காரங்க கூடி உக்காந்தா இந்தப் பேச்சு வராம இருக்காது, நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு அடுத்த ரூமுக்குப் போயிடுவேன். இப்ப தெலுங்கு ஊருக்கு வந்து அமீர்பேட்ல பசங்களுக்கு டேட்டாபேஸ் சொல்லிக் குடுக்கிறேன், எதுக்கும் ஒரு காரணம் இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும். இப்பவும் நீங்க நம்பணும்னு சொல்லல. நம்பாட்டி போங்க. எனக்கு வயிறு எரியுது, அதனால சொல்றேன்.

எனக்கு ஃபிலிம் கேமரா பைத்தியம் உண்டு, உங்களுக்குத் தெரியும். ஏ.எஸ்.ராவ் நகர்ல எங்க வீட்டு பாத்ரூம் பாதி நாள் இருட்டு ரூமாத்தான் இருக்கும், என் வீட்டுக்காரர் குளிக்கிறதுக்கு என்கிட்ட அப்பாயின்ட்மென்ட் கேக்கணும். இது தெரிஞ்சு ரகுராமன்னு ஒருத்தர் வந்தார். கட்டடக்கலை கன்சல்டன்ட், நம்ம தமிழ் ஆளு, ஒரு கல்யாணத்துல பழக்கம். வெளியூர்ல நம்ம பாஷை பேசற ஆளைப் பாத்தா உடனே பல்லைக் காட்டிருவோம்ல, அந்தப் புத்திதான் எனக்கும்.

ரிங் ரோட்டைத் தாண்டி ஒரு பழைய கோட்டை ஊர் இருக்கு. காகதீயர் காலத்துதுன்னு சொல்றாங்க. பெரிய கல் வாசல், உள்ள ஒரே தெரு, பதினோரு வீடு. பேர் சொல்ல மாட்டேன், கேஸ் ஓடுது. அதை ஹெரிடேஜ் ரிசார்ட் ஆக்கப் போறாங்க, ரிப்போர்ட்டுக்குப் படம் வேணும், பதினோரு வாசலையும் தனித்தனியா எடுங்க, ஆள் யாரும் தெரியக்கூடாது, கட்டடம் மட்டும் அழகா வரணும்னார். ஃபிலிம் எதுக்குன்னு கேட்டேன். நெகட்டிவ் இருந்தா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க மேடம்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பை அன்னைக்கே கவனிச்சிருக்கணும்.

ஆள் தெரியாம எடுக்கிறதுல எனக்கு ஒரு திமிர் உண்டு. மந்தமான வானமா இருக்கணும், லென்ஸ் மேல கறுப்புக் கண்ணாடி மாட்டி, ரெண்டு நிமிஷம் திறந்தே வச்சா, குறுக்க நடக்கிறவங்க யாரும் ஃபிலிம்ல பதிய மாட்டாங்க. அசையாம நிக்கிறது மட்டும்தான் பதியும். ஊர்வலமே போனாலும் படத்துல தெரு காலியா இருக்கும். இதை நான் பெருமையா அவர்கிட்ட சொன்னேன். சொன்னேன்ல, அதை நினைச்சாத்தான் என் வாயிலயே போட்டுக்கணும்போல இருக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமைதான் போகணும்னு அவரே நாள் குறிச்சார். போனா மேகம் மூடி நிழலே இல்லாத வெளிச்சம், எனக்கு வேண்டிய மாதிரி. பத்து வீடு பூட்டிக் கிடந்துச்சு. கடைசி வீட்டு வாசல்ல மட்டும் ஒரு அம்மா, என் வயசுதான் இருக்கும், கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு ஆட்டுக்குட்டிக்குத் தழை ஒடிச்சிக்கிட்டு இருந்தாங்க. யாதம்மான்னு பேரு. கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னேன், நகரல. சரி, அப்ப நிக்காம குறுக்கயும் நெடுக்கயும் நடந்துக்கிட்டே இருங்க, படத்துல வர மாட்டீங்கன்னு எனக்குத் தெரிஞ்ச தெலுங்குல சொன்னேன். அந்தம்மாவுக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு.

"நா இல்லு இதி. நேனெந்துக்கு ராகூடது?"

என் வீடு இது, நான் ஏன் வரக்கூடாதுன்னு கேட்டாங்க. சும்மா ஒரு படம்தானேம்மான்னு கையை ஆட்டி விரட்டினேன். கட்டுப் போட்ட காலோட அந்தம்மா முணுமுணுத்துக்கிட்டே ரெண்டு நிமிஷமும் இப்படியும் அப்படியும் நடந்தாங்க. நான் வாட்ச்சைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அன்னைக்குச் சாயங்காலமே ஃபிலிமைக் கழுவினேன். ஒரு ரோல்ல பன்னெண்டு படம், கல் வாசல் ஒண்ணு, வீட்டு வாசல் பதினொண்ணு. காயப் போட்டுட்டுப் பூதக்கண்ணாடியை வச்சுப் பாத்தா, பூட்டிக் கிடந்த பத்து வாசல்லயும் வாசலுக்கு ஒரு ஆள் நிக்குது. ஆம்பள ஆறு, பொம்பள நாலு. மங்கலா இல்ல, சட்டைப் பொத்தான் எண்ணலாம், அவ்வளவு கூர்மை. அப்படி விழணும்னா ரெண்டு நிமிஷமும் கண்ணு இமைக்காம அங்க நின்னிருக்கணும். நான் எதிர்லயே நின்னேன், ஒரு ஈ காக்கா இல்ல. பழைய ஃபிலிம் இல்ல, பெட்டியை நானே பிரிச்சேன். ஒரே ஃபிலிம்ல ரெண்டு தரம் எடுத்துட்டேனோன்னு கேக்காதீங்க, அந்தக் கேமராவுல அது முடியாது. யாதம்மா வீட்டு வாசல் மட்டும் காலி.

ஸ்கேன் பண்ணி ரகுராமனுக்கு அனுப்பிட்டு, என்ன ஏதுன்னு புரியலைங்கன்னு ஃபோன் போட்டேன். ஆளு கத்தறார். "யாரும் இல்லாத நாளாப் பாத்துத்தானே மேடம் உங்களை அனுப்புனேன்." அப்பத்தான் எனக்கு உறைச்சுது. விசாரிச்சா, அந்தப் பத்து வீட்லயும் வீட்டுக்கு ஒருத்தராவது ஜீடிமெட்லாவுல மாத்திரை கம்பெனிக்கு வேலைக்குப் போறவங்க, காலையில வேன் வந்து அள்ளிட்டுப் போயிடும், மத்தவங்க வயல் வேலைக்கு, பிள்ளைங்க ஸ்கூலுக்கு. ஊர்ல யாரும் குடியில்லன்னு எழுதிட்டா மாத்து வீடு குடுக்க வேண்டாம் பாருங்க. நான் படத்தைத் திருப்பிக் குடுங்கன்னேன். அந்த ஆளு பத்து பேரையும் கம்ப்யூட்டர்ல அழிச்சு, 'ஆளில்லாத குடியிருப்பு'ன்னு கீழ எழுதி, என் பேரையும் போட்டு ரிப்போர்ட்டைக் குடுத்துட்டார்.

எனக்கு வந்த கோவம் இன்னும் இறங்கல. மண்டல ஆபீஸ்ல, நம்ம தாலுகா ஆபீஸ் மாதிரி, அங்க விசாரணைன்னு கேள்விப்பட்டு, நெகட்டிவையும் பிரின்ட்டையும் தூக்கிக்கிட்டு லீவு போட்டுப் போனேன். யாதம்மாதான் ஒவ்வொரு பிரின்ட்டா வாங்கி, இவன் இன்னார், இவ இன்னார்னு பேர் சொன்னாங்க. எல்லாரும் உசிரோட அங்கயே பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தாங்க, அவங்க படத்தை அவங்களே கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. ரகுராமன் விடுவாரா. இது ஒட்டு வேலைன்னு நிரூபிக்கிறேன்னு அந்தச் செவ்வாய்க்கிழமை கம்பெனி வருகைப் பட்டியலை எங்கிருந்தோ வாங்கிட்டு வந்து நீட்டினார். பத்து பேரும் காலையில கைரேகை வச்சு உள்ள போயிருக்காங்க, சாயங்காலம்தான் வெளிய வந்திருக்காங்க, அப்ப வாசல்ல நின்னது யாருன்னு ஆபீசரைக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னைக்கும் பதில் தெரியாது. ஆனா ஆபீசர் அந்தப் பட்டியலை நிதானமா படிச்சார். ஒவ்வொரு பேருக்கு நேரயும் வீட்டு முகவரி இருந்துச்சு, கோட்டை ஊரு, கதவு நம்பரோட. ஆளே இல்லாத ஊர்லேர்ந்து தினமும் பத்து பேர் எப்படிங்க வேலைக்குப் போறாங்கன்னு கேட்டார். ரகுராமன் மூஞ்சி போன போக்கை நீங்க பாத்திருக்கணும். பத்து வீடும் அன்னைக்கே மாத்து வீடு லிஸ்ட்ல ஏறிருச்சு.

பதினொண்ணாவது ஏறல. யாதம்மா எந்தக் கம்பெனிக்கும் போகல, ரேஷன் கார்டு மகன் வீட்டு முகவரில இருக்கு. அந்த வீட்ல ஆள் இல்லைங்கிறதுக்கு அத்தாட்சின்னு ஆபீசர் எடுத்துக் காட்டினது, என் நெகட்டிவை. ரகுராமன் அழிச்ச படம் இல்ல, நான் கொண்டு போன அசல். அன்னைக்கு அந்த ஊர்லயே நிஜமா இருந்த ஒரே மனுஷி அவங்கதான், நான் என் வாயால நகரச் சொன்னேன்.

அப்பீல் போட்டிருக்கோம். அதுக்கப்புறம் நாலு தரம் போயிட்டேன். கறுப்புக் கண்ணாடியெல்லாம் கிடையாது, பட்டுன்னு மூடற வேகத்துல, ஃபிளாஷ் போட்டு, அந்தம்மாவை வாசல்ல சிலை மாதிரி நிக்க வச்சு மூணு ரோல் எடுத்தேன். வாசல் வருது, ஆட்டுக்குட்டி வருது, கொடியில காயற சேலை வருது. அவங்க வரல. ஃபோன்ல எடுத்தா வராங்க, ஆனா ஃபோன் படத்தை ஆபீஸ்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க; ஃபிலிம்ல மட்டும் விழ மாட்டேங்கறாங்க. வேற கேமரா மாத்தியும் பாத்துட்டேன், என் வீட்டுக்காரரை எடுக்கச் சொல்லியும் பாத்தாச்சு. அவர் எடுத்ததுல நான் வாசல்ல நிக்கறேன், பக்கத்துல யாருமில்ல, ஆனா என் துப்பட்டா தோள்ல நாலு விரல் அழுத்திப் பிடிச்ச மடிப்பு அப்படியே தெரியுது. எடுக்கும்போது அந்தம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நின்னாங்க.

ஞாயித்துக்கிழமையானா யாதம்மாகிட்டேர்ந்து ஃபோன் வந்துரும். கோவமெல்லாம் இப்ப இல்ல, படம் வந்துச்சான்னு ரொம்ப மெதுவாத்தான் கேக்கறாங்க, "ஃபோட்டோ வச்சிந்தா, மேடம்?"

இன்னும் கழுவலைம்மான்னு சொல்லிக்கிட்டு இருக்கேன்.