மாடிவீட்டு விருந்தாடி

சிவபாண்டிக்குப் பொய் சொல்ல வராது என்று அவர் வேலை பார்க்கும் அச்சகத்தில் பேர். முதலாளி ஒருவர்தான் இதைக் குறையாகச் சொல்வார். காலண்டர் சீசனில் லட்சுமி படத்தில் உதட்டுச் சிவப்பு மயிரிழை தள்ளி விழுந்தாலும் சிவபாண்டி மிஷினை நிறுத்திவிடுவார். "வாங்குறவன் என்ன லென்ஸ் வச்சா பாக்கப் போறான், ஓட்டுய்யா" என்று முதலாளி கத்துவார். "நமக்குத் தெரிஞ்சிருச்சே அண்ணாச்சி" என்பது பதில்.

பத்தொன்பது வயதில், ஆலங்குளம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து தாள் அடுக்கும் வேலைக்கு வந்தவர், நாற்பத்தொன்றில் நான்கு வண்ண மிஷினுக்கு ஆபரேட்டர். அத்தனை வருடமும் ஊரிலிருந்து பைக்கில் வந்து போனார். மகள் பதினொன்றாம் வகுப்புக்குச் சிவகாசியில் சேர்ந்த பிறகுதான் இங்கே வீடு தேட வேண்டியதாயிற்று.

குடும்பத்தில் நான்கு பேர். அவர், மனைவி யோகலட்சுமி, மகள், மாமனார் கண்ணுச்சாமி. கண்ணுச்சாமிக்கு யோகலட்சுமி ஒரே பிள்ளை. சாத்தூர்ப் பக்கம் நாலு ஏக்கர் கரிசல் உண்டு, குத்தகைக்கு விட்டாயிற்று. வீடும் உண்டு, ஓடு சரிந்து இரண்டு மழைக்காலம் ஆயிற்று. மாமியார் இறந்த பதினாறாம் நாள், சொந்தபந்தம் எல்லாம் கூடியிருந்த இடத்தில், "எனக்கு அப்பா வேற மாமா வேற இல்ல, எங்கூட வந்துரட்டும்" என்று சிவபாண்டி சொன்னதை எல்லோரும் மெச்சினார்கள். யாரும் கேட்காதபோது சொன்னது அது. கேட்டபோது சொன்னது வேறு.

வீடு பார்க்க மாமனாரையும் கூட்டிக்கொண்டுதான் போனார். கண்ணுச்சாமி சலவை வேட்டி கட்டிக்கொண்டு பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி வருவார். வயது கேட்டால் பெருமை தாங்காது. "எழுவத்தாறு நடக்கு. ஒரு மாத்திர முழுங்குனது கெடையாது."

வீட்டுக்காரர்கள் அந்தப் பெருமையில் பங்கெடுக்கவில்லை. குறிப்பிட்ட சில நட்சத்திரங்களில் ஒருவர் இறந்தால், இறந்த வீட்டை மாதக்கணக்கில் பூட்டிவைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை. அடைப்பு என்பார்கள். வாடகைக்கு வந்தவர் இறந்தாலும் பூட்டு வீட்டுக்காரருடையது. நாரணாபுரம் ரோட்டில் ஓர் அம்மாள் ஒளிக்காமலே கேட்டார்.

"பெரியவருக்கு சுகரு, பிரஷரு உண்டுமா?"

"ஒண்ணும் கெடையாது தாயி."

"அதான் யோசனையா இருக்கு. சீக்காளிக இழுத்துக்கிட்டுக் கெடப்பாக. ஒண்ணுமில்லாதவுகதான் பொசுக்குன்னு போயிருதாக."

சுற்றிலும் வெடிமருந்தை வைத்துக்கொண்டு கவலையில்லாமல் சாப்பிட்டுத் தூங்குகிற ஊர், மாத்திரை முழுங்காத ஒரு கிழவரைக் கண்டு பயந்தது. நான்கு வீடு இப்படியே போயிற்று.

ஐந்தாவது வீட்டுக்குப் போகும்போது சிவபாண்டி தெருமுனை டீக்கடையில் பைக்கை நிறுத்தினார். "வெயிலா இருக்கு மாமா. நீங்க இங்கன உக்காந்திருங்க, நான் மட்டும் பாத்துட்டு வந்துருதேன்." அன்றைக்கு மேகமூட்டம். கண்ணுச்சாமி வானத்தைப் பார்த்தார், மருமகனைப் பார்த்தார், பெஞ்சில் உட்கார்ந்தார்.

அந்த வீடு கனகசபாபதியுடையது. காகித வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டு, கேட்டுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பவர். வயது எழுபத்தொன்பது. அவர் எந்த நட்சத்திரத்தில் போவார் என்று யாரும் விசாரிக்க முடியாது; வீடு அவர் பேரில் இருந்தது. விசாரணை எல்லாம் அவர் மனைவி சொர்ணலட்சுமிதான்.

"எத்தன பேரு தம்பி?"

"மூணு பேரும்மா."

"வயசானவுக யாரும் கூட உண்டுமா?"

"யாரும் இல்ல."

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லை. சொர்ணலட்சுமி சமாதானமாகச் சொன்னார்: "தப்பா நெனைக்காதீக. போன தடவ குடியிருந்தவுக அம்மா அடைப்புல போயி, ஆறு மாசம் மாடியப் பூட்டிப் போட்டிருந்தோம். விருந்தாடியா வந்து போறவுகளச் சொல்லல. அவுக தாராளமா வரட்டும்."

டீக்கடைக்குத் திரும்பியபோது கண்ணுச்சாமி எழுந்து நின்றார்.

"அமைஞ்சதா?"

"அமைஞ்சிருச்சு மாமா."

"என்னயச் சொல்லலயாக்கும்."

சிவபாண்டி பைக் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, விருந்தாடி என்றால் வரலாமாம் என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னதைச் சொன்னார்.

"அம்புட்டுத்தான? நல்லதாப் போச்சு மாப்ள" என்றார் கண்ணுச்சாமி. அவருக்கு உண்மையாகவே முகம் தெளிந்தது. "மக வீட்டுக்கு விருந்தாடியா வாரது மரியாத. குடியிருக்கதுதான் கேவலம். ஊர்ல கேக்குறவன்ட்டயெல்லாம் நான் வந்து போயிட்டுத்தான் இருக்கேன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இப்ப நீங்களும் அதையே சொல்லிட்டீக."

அவர் திட்டியிருந்தால் சிவபாண்டிக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்கும்.

ஏற்பாடு இப்படி. வெள்ளிக்கிழமை காலையில் கண்ணுச்சாமி பையை எடுத்துக்கொண்டு கனகசபாபதி கண்ணில் படும்படி கிளம்புவார். "ஊருக்குப் போயிட்டு வாரேன் மொதலாளி." சாத்தூர் பஸ் ஏறி இருக்கன்குடி. மாரியம்மன் சந்நிதி, அன்னதானம், நேர்த்திக்கடனுக்கு வந்த கூட்டத்தோடு ஆற்றங்கரைக் கொட்டகையில் படுக்கை. ஞாயிறு சாயங்காலம் ஊரிலிருந்து வருகிறவர் முகத்தோடு திரும்புவார். யோகலட்சுமி எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. நான்காவது வாரம் பையில் வேட்டியை மடித்து வைக்கும்போது மட்டும், "எங்கப்பா எத்தன வெள்ளிக்கெழமதான் பக்தியா இருப்பாரு?" என்று கேட்டாள். பையிடம் கேட்ட மாதிரி இருந்ததால் சிவபாண்டி பதில் சொல்லாமல் தப்பித்தார்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. கனகசபாபதிக்கு விருந்தாடியைப் பிடித்துப்போயிற்று. இரண்டாவது நாற்காலி வந்தது. வெற்றிலைத் தட்டு வந்தது. மழை, மக்காச்சோள விலை, தாள் விலை என்று தினம் ஒரு சண்டை போட்டார்கள். "வாரும் தம்பி, உக்காரும்" என்று எழுபத்தொன்பது கூப்பிட எழுபத்தாறு போய் உட்கார்ந்தது. மாடியில் இருக்கக் கூடாத மனிதர் கீழே இல்லாவிட்டால் வீட்டுக்காரருக்குப் பொழுது போகவில்லை.

ஒரு வியாழக்கிழமை, ஷிப்ட் முடிந்து வந்த சிவபாண்டியைக் கனகசபாபதி நிறுத்தினார்.

"ஒங்க மாமாவ ஏன் வாராவாரம் அலைய விடுறீக? பேசாம கூடவே வச்சுக்கிட வேண்டியதான?"

வாசல்படியில் சொர்ணலட்சுமி நின்றிருந்தார். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. 'சரி அண்ணாச்சி' என்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் தீர்ந்திருக்கும். ஆனால் ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவனுக்கு அன்பாகக் கேட்பதும் ஆழம் பார்ப்பது போலத்தான் கேட்கும்.

"நான் சொல்லாமலா அண்ணாச்சி? எம்புட்டோ சொல்லிட்டேன். அவருக்கு நம்ம வீட்ல இருப்புக் கொள்ளாது. வீம்பு புடிச்ச மனுசன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் நின்றது. பாதிப் படியில் கண்ணுச்சாமி நின்றிருந்தார்.

"ஆமா மொதலாளி" என்றார். "நமக்கு சொந்த வீட்ல படுத்தாத்தான் ஒறக்கம்."

மறுநாள் போனவர் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. திங்களும் வரவில்லை. போன் செய்தால், "இங்கன சௌகரியமாத்தான் இருக்கு" என்றார். செவ்வாய்க்கிழமை, ஆர்டர் குவிந்துகிடக்கும் சீசன் நடுவில், சிவபாண்டி லீவு சொல்லிவிட்டு இருக்கன்குடிக்குப் போனார்.

கொட்டகையில் கண்ணுச்சாமி ஏழெட்டுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு குடும்பம் ஆற்றில் குளிக்கப் போயிருந்தது, அவர் காவல். ஈரத்தலையோடு வந்த அந்த வீட்டுப் பெண்ணிடம், "இதான் எம் மருமகன். சிவகாசில பெரிய கம்பெனி. வாரம் தவறாம வந்து என்னயப் பாத்துட்டுப் போவாரு" என்றார். அந்தப் பெண் சிவபாண்டியைப் பார்த்து, "பெத்த பிள்ளைக கூட இப்படி வர மாட்டாக" என்றாள். சிவபாண்டிக்கு அங்கேயே மண்ணில் புதைந்துவிடலாம் போலிருந்தது. பையை வாங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போவோம் மாமா" என்றார். கண்ணுச்சாமி பைக்கில் ஏறினார்.

கேட்டைத் திறந்ததும், பையைக் கீழே வைக்காமலே, இனி ஒரு நிமிடம் தாமதித்தாலும் வாய் வராது என்ற பயத்தில் சிவபாண்டி சொல்லிவிட்டார்.

"அண்ணாச்சி, மாமா விருந்தாடி இல்ல. மொத நாள்லருந்தே எங்க கூடத்தான் குடியிருக்காரு. அவருக்குப் போக வேற எடம் கெடையாது. ஊரு ஊருன்னு இருக்கன்குடியிலதான் படுத்துக் கெடந்தாரு. நான்தான் மறைச்சேன்."

கனகசபாபதி வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். சொர்ணலட்சுமி வெளியே வந்து மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கா இம்புட்டு?" என்றார் கடைசியில். "இருந்துட்டுப் போகட்டும். எங்க வீட்ல உக்காந்திருக்கவுகளுக்கு இவுக மூணு வயசு எளசுதான."

இவ்வளவு லேசாகக் கிடைத்தது. சிவபாண்டி மாமனார் பக்கம் திரும்பினார். கண்ணுச்சாமி நடுத்தெருவில் வேட்டி அவிழ்ந்தவர் போல நின்றிருந்தார். யாரையும் பார்க்காமல் படியேறினார்.

மாடியில், கதவைச் சாத்திய பிறகு சொன்னார்: "நான் இல்லாதப்ப சொல்லியிருக்கலாம் மாப்ள. போக எடமில்லன்னு வேற சொல்லிட்டீக. அவரு என்னய நாற்காலி போட்டு உக்காத்துனது நாலு ஏக்கர்க்காரன், மகளப் பாக்க வந்தவன்னு. இனி எந்த மொகத்தோட போயி உக்கார?"

பொய் சொன்னதற்கும் சொன்னதை மாற்றியதற்கும் ஒரே மனிதரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. சிவபாண்டிக்கு எதை முதலில் கேட்பது என்று தெரியவில்லை. எதையும் கேட்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைப் பயணம் இல்லை. கண்ணுச்சாமி கீழே இறங்குவதும் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குக் கீழிருந்து குரல் வரும்.

"சிவபாண்டி, தம்பி என்ன செய்யுதாரு? வரச் சொல்லுங்க."

"தூங்குறாரு அண்ணாச்சி" என்கிறார் சிவபாண்டி, மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு.

உள்ளே, பேத்தியின் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருக்கும் கண்ணுச்சாமி கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, எழுந்துபோய் விளக்கை அணைக்கிறார்.