வலது கண்ணில் பசை

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெங்களூரு ஈஜிபுராவில் என் ஒற்றை அறையில் மாதிரிக் கப்பல் கட்டிக்கொண்டிருந்தேன். எழுநூறில் ஒரு பங்கு அளவு. முழுப் போர்க்கப்பலே ஒரு சாண் நீளம்தான். மேல்தள ஓரத்தில் தலைமுடிபோல் மெல்லிசான பித்தளைக் கம்பிவேலியை ஒட்ட வேண்டும். சூப்பர் குளூ பாட்டிலின் மூக்கு அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தி, அடைப்பு விட்டதா என்று முகத்துக்கு நேரே பிடித்து அழுத்தினேன்.

சில்லென்று ஏதோ வலது கண்ணில் பட்டது. இமை மூடியது. திறக்கவில்லை.

எரிச்சலைவிட, திறக்காததுதான் என்னை உலுக்கியது. குழாயடியில் முகத்தைக் காட்டினேன். இடது கண்ணும் நீர் வழிந்து தானாக மூடிக்கொண்டது. அதிலும் பட்டுவிட்டது என்றே நினைத்தேன். மாடிப்படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

கீழே வீட்டுக்கார ஆண்ட்டி. கன்னடக்காரர், தமிழும் பேசுவார். அதுவரை தண்ணீர் மோட்டாரைப் பற்றி மட்டுமே நாங்கள் பேசியிருக்கிறோம்.

"ஏனாய்த்தம்மா?"

"கண்ணுல குளூ பட்டுடுச்சு ஆண்ட்டி. தொறக்க மாட்டேங்குது."

இமையைப் பிடித்து இழுக்கப் போனேன். மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "முட்டபேடா! தொடாதே!"

நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். வழி நெடுக என் இரண்டு கைகளையும் மடியில் அழுத்திப் பிடித்திருந்தார்.

"இந்தக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. தொற."

"பயமா இருக்கு ஆண்ட்டி."

"தொறந்து என்னைப் பாரு."

பார்த்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இமைமுடியைக் கொஞ்சம் வெட்டிப் பார்த்தார். ஓர் ஓரம்தான் விட்டது. "இழுத்தா கருவிழி மேல்தோல் கிழியும். ரெண்டு மூணு நாள்ல தானா விடும்."

"பார்வை இருக்கா டாக்டர்?"

"முழுசா திறந்தாதான் சொல்ல முடியும்."

ஆபீசுக்குக் காய்ச்சல் என்றேன். நாளெல்லாம் திரையைப் பார்க்கிற வேலை. வாணியம்பாடியிலிருந்து அம்மா வீடியோவில் கூப்பிட்டபோது, "நெட் சரியில்லம்மா" என்று துண்டித்தேன். இடது கண்ணைக் கையால் பொத்தி, ஒட்டிய இமை மேல் போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். சிவப்பாக ஏதோ தெரியும். நிம்மதி. அடுத்த நிமிடம், தெரிந்ததா, நானே நினைத்துக்கொண்டேனா என்று சந்தேகம். மறுபடி டார்ச். இருபது தடவையாவது இருக்கும்.

புதன்கிழமை காலையில் வெந்நீர்த் துணியை வைத்து எடுத்தபோது கெட்டியான ஒரு துணுக்கு கையோடு வந்தது. இமை உயர்ந்தது. எல்லாம் பால் ஊற்றியதுபோல் இருந்தது. அதற்குள் ஜன்னல் கம்பிகள் மங்கலாக நின்றன. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், வாய்விட்டு.

கருவிழியில் கீறல்தான், மருந்து போட்டால் ஆறிவிடும் என்றார் டாக்டரம்மா. பத்து நாளில் ஆறியது.

ஆண்ட்டி மாடிக்கு வந்து மேசைமேல் இருந்த கப்பலைப் பார்த்தார். "இதுக்கா?" என்றார்.

ஒரு மாதம் கழித்து, முகத்தை மூடும் கண்ணாடி மாட்டிக்கொண்டு மிச்ச வேலியை ஒட்டினேன். பாட்டிலைக் கை நீட்டித் தள்ளியே பிடித்திருந்தேன். அந்தப் பக்க வேலி கோணலாகத்தான் நிற்கிறது.